பிதுக்கி எறியற தோல் என்ன வேலை பார்த்துச்சு?

லேபுக்கு வெளியே - வாராந்திரத் தொடர்

தர்மபுரிக்காரங்க எல்லாம் கையைத் தூக்குங்க! மார்கழி, தை வந்தா உங்க வீட்டுல பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதிக்காம இருந்திருக்குமா? பச்சை மொச்சைக் காயை உரிச்சு, கொட்டையைத் தண்ணியில ஊறப்போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு அமுக்கு. 'பொளக்'னு பருப்பு வெளியே குதிக்கும். வெறும் தோல் கையில நிக்கும். பருப்பு குழம்புக்கு, தோல் மாட்டுக்கு. மேட்டர் ஓவர்!

ஓவரா? இல்ல பாஸ். அந்தத் தோலைப் பத்திதான் இந்த வாரக் கதையே.

முதல்ல மத்த ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். பாப்பாரப்பட்டி, தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் இருக்கிற ஊர். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்ணை மூடியது இங்கேதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இந்த ஊரில் இருக்கு. சுத்துவட்டாரத்தில் வானம் பார்த்த பூமி ஜாஸ்தி. ராகி, சாமை, கொள்ளு, துவரை, மொச்சை எல்லாம் மழையை நம்பித்தான். ராகிக்கு ஊடால மொச்சை வரிசை போடறது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்.

அந்த மொச்சைக் கொட்டை பெருசா, சின்னதா, சூம்பிப்போனதா என்பதை யார் முடிவு பண்றாங்க? மழை, உரம், மண்ணுன்னு சொல்வீங்க. எல்லாம் சரிதான். ஆனா இவை எல்லாம் கடைசியில் போய் நிக்கிற ஒரு கவுன்ட்டர் இருக்கு. அதுதான் நாம பிதுக்கி எறியற அந்தத் தோல்!

அது யாரோட தோல்?

பாடப் புத்தகத்தில் விதையுறைன்னு போட்டு, 'விதையைப் பாதுகாக்கிறது'ன்னு ஒரே வரியில் முடிச்சிருப்பாங்க. ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா அந்த வரியில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு.

விதைக்குள்ளே இருக்கிற கருவுக்கு அப்பா பாதி, அம்மா பாதி. மகரந்தம் வந்து சேர்ந்ததால் உருவான புது உயிர் அது. ஆனா அதைச் சுத்தியிருக்கிற தோல் அப்படி இல்ல. அது பூவின் சூலைச் சுத்தியிருந்த உறையிலிருந்து வளர்ந்தது. முழுக்க முழுக்க தாய்ச்செடியின் உடம்பு. அப்பாவின் மரபணு அதில் ஒரு துளிகூட கிடையாது.

நம்ம மெண்டல் தாத்தா இதை அப்பவே கவனிச்சுட்டார். 1866-ல் வெளிவந்த பட்டாணி ஆராய்ச்சியில், உள்ளே இருக்கிற பருப்பின் நிறம் மகரந்தம் சேர்ந்த அந்தத் தலைமுறை விதையிலேயே மாறும்; மேல்தோலின் நிறம் மட்டும் தாய்ச்செடியை மாதிரியே இருக்கும். அந்த விதையை நட்டு வளர்த்தால்தான், அடுத்த தலைமுறை விதையின் தோலில் மாற்றம் தெரியும்.

ஸோ, ஒரு மொச்சைக் கொட்டைங்கிறது ரெண்டு பேர். உள்ளே குழந்தை, வெளியே அம்மா.

குழாய் இல்லாத வீடு

இலையில் தயாராகிற சர்க்கரை, ஃபுளோயம் குழாய் வழியா காய்க்கு வருது. காய்க்காம்பு, விதைக்காம்பு எல்லாம் தாண்டி விதையுறைக்குள் வந்து சேருது. அங்கே குழாய் நின்னுடும்! விதையுறைக்கும் கருவுக்கும் நடுவுல எந்தக் குழாயும் கிடையாது. ஒரு செல்லோட இன்னொரு செல் ஒட்டிப் பேசற இணைப்புகூட கிடையாது. விதையுறை தன்கிட்ட வந்த சத்தை நடுவில் இருக்கிற இடைவெளியில் கொட்டணும். கரு அதை உறிஞ்சி எடுத்துக்கணும். அதாவது, குழந்தை எதைச் சாப்பிட்டாலும் அது அம்மா கை வழியா வந்ததுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா அசந்துடுவீங்க. 1983-ல் அமெரிக்காவில் சோயா மொச்சையிலும், நெதர்லாந்தில் ஃபாபா பீன்ஸிலும் ஒரு ஆபரேஷன் பண்ணாங்க. காய் செடியிலேயே தொங்குது. காயின் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கிற விதையைப் பாதியாக அறுத்து, கருவை மட்டும் நைசா வெளியே எடுத்துட்டாங்க. மிச்சம் நிக்கிறது ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி விதையுறை. அதுக்குள்ளே கொஞ்சம் கரைசலை ஊத்தி வச்சாங்க. குழந்தையே இல்லாத அந்த வெத்துத் தோல், மணிக்கணக்கா சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கிண்ணத்துக்குள் கொட்டிக்கிட்டே இருந்துச்சு!

தோல்னா வெறும் மூடி இல்லன்னு இதைவிடத் தெளிவா வேற எப்படிச் சொல்றது?

சில்லறை மாத்துற அம்மா

இப்போ நொதிக்கு வருவோம்.

ஃபுளோயத்தில் வர்ற சர்க்கரை சுக்ரோஸ். நாம டீயில் போடற அதே சர்க்கரைதான். ஒரு சுக்ரோஸை உடைச்சா ஒரு குளுக்கோஸ், ஒரு ஃப்ரக்டோஸ் கிடைக்கும். பத்து ரூபாய் நோட்டை மாத்தினா ரெண்டு அஞ்சு ரூபாய் காசு கிடைக்கிற மாதிரி. இப்படிச் சில்லறை மாத்துற நொதியின் பேரு இன்வெர்டேஸ்.

ஜெர்மனியில் காட்டர்ஸ்லேபன் என்ற ஊரில் தாவர மரபியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு இருக்கு. அங்கே ஹான்ஸ் வெபர், லுட்மிலா போரிசுக், உல்ரிச் வோபஸ் கூட்டணி 1990-களில் ஃபாபா பீன்ஸை நோண்டி நோண்டிப் பார்த்தாங்க. ஃபாபா பீன்ஸ் நம்ம மொச்சை இல்ல. ஆனா பயறுக் குடும்பத்தில் தூரத்துச் சொந்தம். அவங்க கண்டது இதுதான்: விதை இளசா இருக்கும்போது, விதையுறையின் உட்பக்கத்தில், குழாய் முடியற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய செல்களில் இன்வெர்டேஸ் மும்முரமா வேலை பார்க்குது. அதாவது, அம்மா நோட்டை அப்படியே கொடுக்கல. வாசல்லயே மாத்தி, சில்லறையா குழந்தை கையில் கொடுக்கறாங்க.

இதனால் ரெண்டு லாபம். ஒண்ணு, வந்த சுக்ரோஸை உடனே உடைச்சுடறதால் குழாயின் முனையில் சுக்ரோஸ் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்போதான் மேலிருந்து இன்னும் இன்னும் இறங்கி வரும். பந்தியில் இலை காலியா இருந்தாதான் பரிமாறுவாங்க, இல்லையா? ரெண்டாவதுதான் பெரிய லாபம். குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் நிறைய இருக்கிற சூழலில் கருவின் செல்கள் 'பிரி, பிரி, பெருகு'ன்னு பெருகிக்கிட்டே போகுது. பருப்பில் எத்தனை செல் இருக்கணும் என்பது இந்தக் கட்டத்தில்தான் முடிவாகுது.

1996-ல் அதே குழு, பெரிய விதை ரகத்தையும் சின்ன விதை ரகத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டாங்க. பெரிய விதை ரகத்தின் விதையுறையில் இன்வெர்டேஸ் அதிக நாள் தாக்குப்பிடிச்சது. அதனால் செல் பிரியற காலம் நீண்டது. பருப்பில் செல்களும் அதிகம். குழந்தை பெருசா சின்னதாங்கிறதுல அம்மா எத்தனை நாள் சில்லறை மாத்திக் கொடுத்தாங்க என்பதுக்குப் பெரிய பங்கு இருக்கு!

நோட்டை முழுசா கொடுக்கிற நேரம்

சரி, கடைசி வரை சில்லறையே கொடுத்தா என்ன? அங்கேதான் ட்விஸ்ட்.

கரு வளர வளர, அதைச் சுத்தியிருக்கிற அந்த மெல்லிய செல்களையே நசுக்கிடுது. சில்லறை மாத்துற கவுன்ட்டர் மூடிக்குது. இனிமே சுக்ரோஸ் உடையாம முழு நோட்டா உள்ளே வருது. கருவும் சும்மா இருக்காது. அம்மாவின் தோல் தன் மேல் படற இடத்தில், தன் மேற்பரப்புச் செல்களை மடிப்பு மடிப்பா மாத்தி, சுக்ரோஸை இழுக்கிற புரதங்களை அங்கே நிறுத்தி வைக்குது.

சுக்ரோஸ் அதிகமானதும் கருவுக்குள்ளே ரூட்டே மாறிடும். செல் பிரியறது நிக்கும். ஸ்டார்ச், புரதம் சேர்க்கிற நொதிகள் களத்தில் இறங்கும். சில்லறை செலவுக்கு, நோட்டு சேமிப்புக்குன்னு வச்சுக்கோங்க.

இது சும்மா உவமைதானா, நிஜமான்னு சந்தேகம் வந்தா, 1998-ல் அதே குழு பண்ண ஒரு சோதனையைப் பாருங்க. ஃபாபா பீன்ஸின் உறவுக்காரச் செடி ஒண்ணில், ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இன்வெர்டேஸ் மரபணுவைச் சேர்த்து, சேமிக்க வேண்டிய நேரத்தில் பருப்புக்குள்ளேயே அந்த நொதி வேலை செய்யற மாதிரி பண்ணாங்க. உள்ளே வந்த சுக்ரோஸ் எல்லாம் உடைஞ்சு போச்சு. ஸ்டார்ச் சேமிப்பு பலமா அடி வாங்குச்சு. ஆரம்பத்தில் வளர்த்த அதே நொதி, தப்பான நேரத்தில், தப்பான இடத்தில் வந்தா கெடுத்துடுது.

முதல்ல அறைகளைக் கட்டு, அப்புறம் மூட்டையை அடுக்கு. குடோன் கட்டறப்போ சிமென்ட், நிரப்பறப்போ நெல்லு. ஆர்டர் மாறினா கதை கந்தல்.

மழை தப்பினா?

இப்போ மானாவாரி மொச்சைக் காட்டுக்குப் போவோம். பூவும் பிஞ்சுமா நிக்கிறப்போ ரெண்டு, மூணு வாரம் மழை இல்ல. செடி காயல, நிக்குது. அப்புறம் நல்ல மழை. செடி பச்சைப்பசேல்னு திரும்புது. ஆனா களத்துல அடிச்சுப் பார்த்தா கொட்டை சின்னது, பாதி காயில் சூம்பல். 'அதான் மழை பெஞ்சுதே, அப்புறம் ஏன்?'னு கேட்போம்.

பதில் அந்த அறைக் கணக்குல இருக்கு. பிஞ்சா இருக்கிறப்போதான் செல் எண்ணிக்கை முடிவாகுது. அந்த நேரத்துல சர்க்கரை வரத்து குறைஞ்சா, கட்டின அறைகள் கம்மி. பின்னாடி பெய்யற மழை, இருக்கிற அறைகளை நிரப்பும். புது அறை கட்டாது. இன்னும் மோசமா போனா, செடி சில பிஞ்சுகளை மொத்தமா கைவிட்டுடும். பத்துப் பிள்ளைக்குச் சோறு இல்லாதப்போ நாலு பேரையாவது காப்பாத்தற கணக்கு.

இதுக்கு மக்காச்சோளத்தில் ஒரு அருமையான ஆதாரம் இருக்கு. மகரந்தச் சேர்க்கை நேரத்தில் தண்ணி காட்டாம விட்டா கதிரில் மணியே பிடிக்காது. 1991-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், அப்படிக் காஞ்ச செடிகளின் தண்டுக்குள் சர்க்கரையும் சத்துகளும் கலந்த கரைசலை ஏத்தினாங்க. கிட்டத்தட்ட ஆஸ்பத்திரி டிரிப்ஸ்தான்! செடியின் தண்ணிப் பஞ்சம் அப்படியே இருந்தும் மணிகள் பிடிச்சது. தண்ணி இல்லாததைவிட, அதனால் சர்க்கரை வராததுதான் மணியைக் கொல்லுதுன்னு புரிஞ்சது. அடுத்தடுத்த ஆய்வுகளில், வறட்சி வந்தா சூலகத்தில் இன்வெர்டேஸின் வேலையும் சரியுதுன்னு தெரிஞ்சது. வரத்தும் குறைவு, கவுன்ட்டரும் பாதி மூடல்.

பயறு வகைகளுக்குப் பூக்கும் பருவமும் காய் பிடிக்கும் பருவமும் முக்கியம், அப்போ தண்ணியை விட்டுடாதீங்கன்னு வேளாண்மைத் துறைக்காரங்க சொல்றதும், பூக்கும்போது ஒரு தடவை, பதினைஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலையில் தெளிக்கச் சொல்றதும் இந்தக் காலத்தைக் குறிவச்சுதான். கிணத்துல ஒரே ஒரு தண்ணிக்குத்தான் வழி இருக்குன்னா, அதை எப்போ விடறதுங்கிறது ஒரு குடும்பத்தோட வருஷ வருமானம். செடி முழுசா வாடின பிறகா, பிஞ்சு பிடிக்கிற வாரமா? இன்வெர்டேஸ் என்ற பேரே தெரியாத பெரியவங்க, 'பிஞ்சுல ஒரு தண்ணி'ன்னு சொன்னா, அதுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய பயோகெமிஸ்ட்ரி இருக்கு.

மூச்சையும் அளந்துதான்

தோல் சர்க்கரையை மட்டும் அளக்கல, காத்தையும் அளக்குது. ஊசி முனையைவிட நைசான சென்சாரை வளர்ற விதைக்குள் செலுத்திப் பார்த்தப்போ, விதையுறையைத் தாண்டினதும் ஆக்ஸிஜன் சடார்னு இறங்குறது தெரிஞ்சது. ஆக்ஸிஜன் குறைஞ்சா, சக்தி நிறைய கேட்கிற நொதி வேலைகள் எல்லாம் மந்தமாகும். அதுக்குக் கரு ஒரு வழி வச்சிருக்கு. இளம் பட்டாணி உள்ளேயும் பச்சையா இருக்கே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? தோலைத் தாண்டி வர்ற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தில் கருவே ஒளிச்சேர்க்கை பண்ணி, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் கொஞ்சத்தைத் தானே தயார் பண்ணிக்குது. கில்லாடிதான்!

கதவைச் சாத்துற நொதி

விதை முத்தி, காயற நேரம். அம்மாவுக்குக் கடைசியா ஒரு வேலை பாக்கி. கதவைச் சாத்தணும்.

1974-ல் இஸ்ரேலைச் சேர்ந்த மார்பாக், மேயர் ரெண்டு பேரும் காட்டுப் பட்டாணியில் இதைப் பார்த்தாங்க. அதன் விதையுறையில் ஃபீனால் வகைப் பொருட்களும், கேட்டகால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் நிறைய. விதை காயும்போது காத்து பட்டதும் இந்த நொதி ஃபீனால்களை ஆக்ஸிகரணம் பண்ணும். தோல் தண்ணி புகாத அளவுக்கு இறுகிடும். அறுத்து வச்ச ஆப்பிளும் கத்தரிக்காயும் கறுக்குதே, அதுவும் இதே ஜாதி நொதியின் வேலைதான். அதே விதையை ஆக்ஸிஜன் இல்லாம காய வச்சா, தோல் தண்ணியை விட்டுடுது. நாம பயிர் பண்ற பட்டாணியில் இந்தச் சமாச்சாரம் குறைவு. அதனால்தான் ராத்திரி ஊறப்போட்டா காலையில் குண்டாகுது.

காட்டுல இருக்கிற விதைக்கு இந்தப் பூட்டு உயிர்க்கவசம். முதல் மழைக்கே எல்லாம் முளைச்சு, அடுத்த மழை வராம போனா வம்சமே காலி. விதைக்கிறவங்களுக்கோ அது தலைவலி. ஒரே நாள் விதைச்சது ஒரே நாள் முளைக்கணுமே! கொள்ளோ மொச்சையோ ஊறவச்சா சிலது மட்டும் கல்லு மாதிரி கிடக்குமே, அந்தப் பூட்டின் மிச்சம்தான் அது.

பெட்டிச் செய்தி: ராகித் தோல் நம்ம வயித்துலயும்...

தோலின் நொதி வேலை காட்டோட முடியல. மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ராகியின் விதையுறையில் இருக்கிற ஃபீனால்கள், ஸ்டார்ச்சை உடைக்கிற ரெண்டு செரிமான நொதிகளின் வேகத்தை மட்டுப்படுத்துதுன்னு காட்டினாங்க. சோதனைக் குழாயில் பார்த்த முடிவு இது. அதனால் 'களி சாப்பிட்டா சுகர் ஓடிடும்'னு கிளம்பிடாதீங்க, மாத்திரையை நிறுத்திடாதீங்க. தோலோட சேர்த்து அரைச்ச மாவு வேற, தோலை நீக்கின மாவு வேற என்ற அளவுக்கு எடுத்துக்கோங்க.

இந்த வார வேலை

பாட்டனி, பயோகெமிஸ்ட்ரி, அக்ரி மாணவர்களே, உங்க லேபிலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். சாரிடமோ மேடத்திடமோ அனுமதி வாங்கிக்கோங்க.

1. ஒரே கொடியில் மூணு வயசுக் காய் பறிங்க: தட்டையான பிஞ்சு, கொட்டை பாதி நிறைஞ்சது, நல்லா முத்தின பச்சைக் காய். ஒவ்வொண்ணிலும் தோலையும் பருப்பையும் தனித்தனியா பிரிங்க. பிஞ்சில் தோலுக்குள்ளே எவ்வளவு கொஞ்சம் பருப்புன்னு பாருங்க.

2. தனித்தனியா அரைச்சு வடிகட்டி, பெனடிக்ட் சோதனை பண்ணுங்க. சுக்ரோஸ் இதில் நிறம் காட்டாது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் செங்கல் நிறம் வரை காட்டும். அதாவது, இது சில்லறை மெஷின்! எந்த வயசில், தோலிலா பருப்பிலா சில்லறை அதிகம்னு குறிச்சு வைங்க.

3. வெட்டின பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். நீலக் கறுப்பு வந்தா ஸ்டார்ச். பருப்பில் எப்போ ஆரம்பிக்குது? பிஞ்சுத் தோலிலும் தெரியுதா? ஃபாபா பீன்ஸில் தோலே கொஞ்ச காலம் ஸ்டார்ச்சைச் சேர்த்து வச்சு, அப்புறம் கருவுக்குக் கொடுக்குது. உங்க மொச்சை என்ன பண்ணுது?

4. காய்ஞ்ச கொள்ளு நூறு எண்ணி ராத்திரி ஊறப்போடுங்க. காலையில் ஊறாதது எத்தனை? அதில் பாதியை உப்புத்தாளில் லேசா தேய்ச்சு, மிச்சத்தைத் தேய்க்காம, மறுபடி ஊறப்போடுங்க. பூட்டு எங்கே இருக்குன்னு தெரிஞ்சுடும்.

முடிஞ்சா ஒண்ணு கூடுதலா: மழை கிடைச்ச காட்டிலிருந்தும், பிஞ்சுல மழை தப்பின காட்டிலிருந்தும் நூறு நூறு கொட்டை வாங்கி எடை போடுங்க. அந்த ரெண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம், எந்த வாரத்தில் மழை தப்புச்சுன்னு காட்டுக்காரர் சொல்ற தேதி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ஒரு நல்ல புராஜெக்ட்டோட முதல் பக்கம் ரெடி.

ரிசல்ட்டை எழுதி அனுப்புங்க. எதிர்பார்த்த மாதிரி வரலைன்னாலும் அனுப்புங்க, அதுதான் இன்னும் சுவாரசியம். அடுத்த வாரம் பார்ப்போமா!